மண்டபம் கிடைக்காத கடைசிப் பேச்சு

கல்யாணசுந்தரம் சேர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் மூத்தோர் சங்கத்தின் தலைவர். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. "தவராசா, சேர் போயிட்டார். இண்டைக்குக் காலமை நித்திரையிலேயே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த விடயத்துக்கு வந்துவிட்டார். "நாங்கள் ஒரு நினைவு மலர் போடுறம். நீங்கள்தானே அவரைக் காரிலை ஏத்தித் திரிஞ்சனீங்கள். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நல்ல விசயங்களை மட்டும் எழுதினால் காணும். அந்தக் கிணத்துக் கதை வேண்டாம்."

எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. கிணறும் இருக்கிறது. அவர்களுடைய பளபளப்பான மலரில் இதற்கு இடம் இருக்காது என்பதால் வேறிடத்தில் வெளியிடுகிறேன்.

சேரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அங்கே ஆறுகளையும் வாய்க்கால்களையும் பார்க்கும் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு இருப்பதற்காக மனைவி ஜெயா அக்காவுடன் சிட்னிக்கு, ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்தவர். சிட்னியின் கோடை வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். இனிமையான மனிதர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்றவர் ஒரு வசனத்தை முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் எந்தப் பாதையில் நான் திரும்பவேண்டும் என்பதை முன் இருக்கையில் இருந்தபடி எனக்குச் சொல்லித் தருவார். பலமுறை அவரைப் பாதி வழியில் இறக்கிவிடலாமா என்று யோசித்திருக்கிறேன்.

ஆனால் அவருக்கு அமெரிக்க வரலாறு தெரிந்திருந்தது. அந்த நாட்டுக்கு அவர் ஒரு தரமும் போனதில்லை. வேலையில் இருந்த காலத்தில் ஆற்று வெள்ளங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவர், வெள்ளத்திலிருந்து போருக்கும் போரிலிருந்து அடிமை முறைக்குமாகப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போயிருக்கிறார்.

எங்கள் சங்கத்துக்கு அவர் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். சிட்னியின் டூங்கபிப் பகுதியில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். யாராவது பேசுவார்கள், பிறகு சாப்பிட ரோல்சும் தேநீரும். ஒரு கூட்டத்தில் ஊர் அரசியல் பேசப்போய், உட்கார்ந்திருந்த கதிரைகள் பறந்தன. அதன் பிறகு நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. ஈழத்து அரசியல் கூடாது, தமிழ்நாட்டு அரசியல் கூடாது, சமயமும் கூடாது. அப்படியானால் எதைப் பேசுவது? யாருக்கும் சம்பந்தமில்லாத, ஒருவருக்கும் கோபம் வராத விடயமாகத் தேடினார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு இந்தியாக்காரர் அமெரிக்காவைப் பற்றிப் பேசுவாராம் என்று ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அமெரிக்கா என்றால் ஆபத்தில்லை என்று நினைத்த அந்த அறிவாளிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

முதல் பேச்சு அவர்களுடைய உள்நாட்டுப் போரைப் பற்றியது. பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் தானே வரைந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசினார். பேச்சு முடிந்ததும் சபையைப் பார்த்து, "நீங்க அங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் அடிமைகளை விடுவித்த பக்கம்தான் என்றார்கள். "ஆமா, இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அன்னைக்குப் பாதிப் பேர் வேற மாதிரி சொன்னாங்களே, அவங்கள்லாம் எங்க போனாங்க?" என்றார். சபை சிரித்துவிட்டுத் தேநீருக்கு எழுந்தது.

அடுத்தது போருக்குப் பிந்திய காலம். விடுதலையான மக்கள் வாக்களித்ததையும் சட்டசபைகளில் போய் அமர்ந்ததையும், சில வருடங்களில் அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டதையும் சொன்னார். போரில் தோற்ற பக்கத்துத் தளபதிகளுக்கு அடுத்த தலைமுறை சிலை வைத்தது என்றும் சொன்னார். "பாவம் கறுப்புச் சனம்" என்று பின்வரிசையில் ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிடமே தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல ஆக்களாய் இருக்கவேணும், விளங்குதுதானே" என்றார். எனக்கு நன்றாக விளங்கியது. நான் அந்த "நல்ல ஆக்கள்" வரிசையில் பிறந்தவன் அல்லன்.

அன்று திரும்பி வரும்போது சேர் காரில் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று. "எங்களிட்டை ஆர் சேர் கேட்டது? எங்களை நிப்பாட்டின இடத்திலை நிண்டம்" என்றேன். பிறகு சொல்லவேண்டியதாகிவிட்டது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணமே ஒரேயடியாகக் கிளம்பித் தென்மராட்சிக்குப் போன இடப்பெயர்வில் நாங்களும் போனோம். வீடும் கிணறும் உள்ள ஒரு பெரிய வளவில் எல்லோருக்கும் இடம் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் வேலியோரம். கிணற்றுக் கயிற்றை எங்கள் ஆட்கள் தொடக்கூடாது என்று அந்த வீட்டு இளைஞன் ஒருவன் வாளியோடு காவல் நின்றான். என் அம்மா கைகளை ஏந்தியபடி நிற்க, அவன் மேலேயிருந்து ஊற்றினான். சனம் கூடியதும் எங்களுக்கு அந்த ஊற்றலும் நின்றுபோனது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இது உங்களோடை இருக்கட்டும் சேர்" என்றேன். அவரும் தலையை ஆட்டினார்.

அந்த வாளிக்காரன் யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. நான் சங்கத்துக்கு வந்த முதல் நாளே அவனை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. பல வருடங்களாக ஒரே தட்டில் ரோல்ஸ் எடுத்திருக்கிறோம்.

மூன்றாவது பேச்சு வெள்ளம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்த கதை. ஆறு என்றால் சேருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். அணைக்கரையின் மேல் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆட்களை ஏற்றிப்போகப் படகுகள் வந்தன. ஆனால் இவர்கள் போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக் காட்டில் வேலைக்கு ஆள் இருக்காது என்று தோட்டக்காரர்கள் பயந்தார்கள். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு படகு போயிற்று. மற்றவர்களைக் கரையிலேயே வைத்துத் துப்பாக்கியோடு காவல் காத்தார்கள். "வெள்ளத்துக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாதுன்னு சொல்வாங்க. தண்ணிக்குத் தெரியாதுதான். படகுக்குத் தெரிஞ்சுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மிசிசிப்பி வரைக்கும் எதுக்குப் போகணும்? இதோ, நம்ம தவராசா இருக்காரு" என்று என்னைக் கைகாட்டினார். கிணறு, கயிறு, வாளி, ஏந்திய கை என்று என் அம்மாவின் தாகத்தை முழுவதுமாக அந்த மண்டபத்தில் எடுத்து வைத்தார். ஊரின் பெயரைச் சொன்னாரே தவிர, வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. யாரையும் அவர் குற்றம் சாட்டவும் இல்லை.

தலைவர்தான் எழுந்தார். "அது எங்கட வீடு" என்றார். "எத்தினை குடும்பத்துக்கு இடம் குடுத்தனாங்கள் எண்டு தெரியுமே உங்களுக்கு? தவராசா, சொல்லும். உங்களுக்குத் தண்ணி தரேல்லையோ?"

கேட்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "தந்தனீங்கள். வாளியோடை நிண்டு மேலையிருந்து ஊத்தினது நீங்கள்தான். என்ரை அம்மா கையேந்தி நிண்டவ. பிறகு அதையும் நிப்பாட்டினனீங்கள்" என்றேன். பிறகு சேரைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல்தான் கூடக் கோபம். "உங்களை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? உங்கட ஊரிலை இப்பிடி ஒண்டும் நடக்கேல்லையோ? அதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் எங்கட கிணறு?"

அவர் தன் தாள்களை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நான் அவரை ஏற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் ரயிலில் போனாராம். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலிருந்து பேச்சையே நிறுத்திவிட்டு வினாடி வினா வைத்தது. எங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை அமெரிக்க வரலாறு அந்த வெள்ளத்தோடு முடிந்தது. அதற்குப் பிந்திய புழுதிப் புயலில் நிலமிழந்த உழவர்களோ, உணவகங்களில் சம இருக்கை கேட்டு உட்கார்ந்த கறுப்பினத்தவர்களோ டூங்கபிக்கு வந்து சேரவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவராக உள்ளே வந்து குசினியில் சாப்பாட்டு மேசைக்கு முன் உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். எங்க ஊர்ல நடந்துது" என்றார். கல்லூரி விடுமுறையில் அவர் ஊரில் இருந்தபோது கொள்ளிடம் ஆறு கரையை உடைத்ததாம். வயலில் வேலை செய்தவர்களின் குடியிருப்பு முழுவதும் தண்ணீர். அவர்கள் பிள்ளைகளோடு வரப்பிலும் கரையிலும் மழையில் நின்றார்கள். இவர்கள் வீட்டு நெல் களஞ்சியம் மேட்டில் இருந்தது, ஊரே தங்க இடம் காணும். "கதவத் திறக்கச் சொல்லிக் கேட்டாங்க. அவங்க உள்ள வந்தா நெல்லு தீட்டாயிடும்னு அப்பா சொல்லிட்டாரு. சாவி என் இடுப்புல இருந்துது, தவராசா. அப்பா தூங்கத்தான் செஞ்சாரு. நான் திறந்திருக்கலாம். திறக்கல. ஒரு கைக்குழந்தை குளிர்ல போயிடுச்சு. அது பேருகூட எனக்குத் தெரியாது."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அருவருப்புத்தான் வந்தது. இவ்வளவு காலமும் மற்றவர்களைப் பார்த்து எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று கேட்டுத் திரிந்தவர் இவர்தானே என்று நினைத்தேன்.

"அடுத்த பேச்சுல இதச் சொல்லலாம்னு இருந்தேன். ஹால் தரமாட்டேங்கறாங்க. உங்க கதைய உங்களக் கேக்காம சொன்னேன். இத நீங்க சொல்லுங்க, எங்க வேணா" என்றார்.

"உங்கட பாவத்தை நான் ஏன் சுமக்கவேணும்? நீங்களே சொல்லுங்கோ" என்றேன். ஆனால் மண்டபம் கேட்பதற்கு அவரை என் காரில்தான் கூட்டிப்போனேன். அங்கே குழுவில் ஒருவர், இந்தியாக்காரர் எங்கட பிரச்சினையைக் கிளறவேண்டாம் என்றார். "என் ஊர்ப் பிரச்சினையத்தாங்க பேசப்போறேன்" என்றார் சேர். "அதுவும் வேண்டாம் சேர். சனம் சந்தோசமாய் வந்து சாப்பிட்டுப் போகட்டும்" என்றார் தலைவர். பிறகும் சேர் பலதடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொரு தடவையும் மண்டபம் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குப் போயிருந்தது.

தகனச்சாலையில் இறுதி நிகழ்வு நடந்தது. தலைவர் முதலில் பேசினார். "அமெரிக்க வரலாற்றை இனிமையாகச் சொன்னவர். ஒருவருடைய மனதையும் நோகடிக்காதவர்" என்றார். பெட்டிக்குள் இருந்தவரால் எழுந்து திருத்த முடியவில்லை. உயிரோடு இருந்தபோது வாயை அடைத்தவர்கள், இறந்த பிறகு வாயில் சர்க்கரை போடுகிறார்கள். நான் பேசவேண்டும் என்று எழுந்தேன்.

சேரின் மகன் என் கையைப் பிடித்தார். அவருக்குக் களஞ்சியக் கதை தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அங்கிள், ப்ளீஸ். நாட் டுடே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தகப்பனை அன்றைக்கு ஒரு நல்ல மனிதராக அனுப்பிவைக்க எந்தப் பிள்ளைதான் விரும்பாது. நான் உட்காரத்தான் இருந்தேன். முன்வரிசையிலிருந்து ஜெயா அக்கா திரும்பினார்.

"சொல்லட்டும்டா. அவரு கேட்ட ஹால் இதுதான் கிடைச்சிருக்கு."

நான் போய்ச் சொன்னேன். முதலில் என் அம்மாவின் கிணறு, இந்தத் தடவை என் வாயால். பிறகு கொள்ளிடம், களஞ்சியம், இடுப்பில் இருந்த சாவி, பெயர் தெரியாத குழந்தை. அழகுபடுத்தவில்லை, அவரை மன்னிக்கும்படி யாரையும் கேட்கவும் இல்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். தலைவர் போகவில்லை. நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. மகன் அழுதார். ஜெயா அக்கா அழவில்லை.

பிறகு பெட்டியருகே போனேன். அந்தக் கம்பளிச் சட்டையையே போட்டிருந்தார்கள். முகம், இன்னும் ஏதோ திருத்தம் சொல்ல இருப்பவர் போலத்தான் இருந்தது. சேர், உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் கரையில் மழையில் நின்றவர்கள், நான் அல்லன். ஆனால் என் வீட்டுக்குத் தேடி வந்து, தான் நின்ற பக்கத்தைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். வாளி பிடித்தவர் இன்னும் வரவில்லை. போய் வாருங்கள்.