மாமிக்குச் சொன்ன ஓம்

இந்த ஊரில் ஒருவரும் 'யெஸ்' என்று சொல்வதில்லை. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோல்வே என்றொரு நகரம். எங்கள் பக்கத்து வீட்டு மோரின் காலையில் வாசலில் நின்று பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் ஊற்றுவார், அது வேறு கதை. "வெளியில் குளிரோ?" என்று கேட்டால் "இட் இஸ்" என்பார். "சாப்பிட்டீர்களோ?" என்றால் "ஐ டிட்". "மகன் வந்தவரோ?" என்றால் "ஹி டிட் நொட்". யெஸ்ஸும் வராது, நோவும் வராது. முதலில் மனிசிக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். பிறகு, சின்ன வயதில் யாரோ வாத்தியார் 'முழு வசனத்தில் விடை தருக' என்று அடித்துப் பழக்கியிருப்பார் என்று நினைத்தேன். கடைக்காரர், பஸ் சாரதி, பல் வைத்தியர் எல்லாரும் அப்படியே பதில் சொன்னபோதுதான் இது ஊர்ப் பழக்கம் என்று விளங்கியது.

நானோ ஓமிலேயே வளர்ந்தவள். இதை வாசிக்கிற தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் 'ஆமாம்' என்கிற இடத்தில் யாழ்ப்பாணத்தார் நாங்கள் 'ஓம்' என்போம். அதில் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை. "மீன் புதிசோ?" என்று கேட்டால் மீன்காரர் சொல்கிற ஓம் அது. இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலையைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ஓர்லா என்பவள் என் முதலாளி. எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பாள். மற்றவர்களுடைய கம்பனிகளுக்குக் கதிரையும் அலுமாரியும் வடிவமைத்துக் கொடுத்து அலுத்துப்போய், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிட்டங்கியில் தனியாகப் பட்டறை தொடங்கியவள். அவளுடைய கனவு ஒரு விளக்கு. 'மொடியூலர்' என்பாள். எங்கள் பேச்சில் சொன்னால் கழற்றிப் பூட்டுகிற விளக்கு. ஒரு அடித்தட்டு, அதன்மேல் மர வளையங்கள். இடியப்பத் தட்டு அடுக்குவது மாதிரி வேண்டிய உயரத்துக்கு அடுக்கலாம். நாலு வளையம் என்றால் மேசை விளக்கு, பன்னிரண்டு என்றால் நிலத்தில் நிற்கிற விளக்கு. மின்குமிழைக் கழற்றிவிட்டால் அதே வளையங்கள் பழத்தட்டாகும், பூச்சாடியாகும், சாவி போடுகிற கிண்ணமாகும். "மனிதர்கள் வீடு மாறுகிறார்கள் வசந்தி, விளக்கும் கூட மாற வேண்டாமா?" என்று கேட்பாள். பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். அவள் மரத்தைக் கடைவாள், நான் உரஞ்சி எண்ணெய் பூசிப் பூட்டுவேன்.

பாக்கியம் மாமி என் கணவரின் தாய். யாழ்ப்பாணத்து இணுவிலில் தனியாக இருக்கிறார். தபாற்கந்தோரில் முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்து ஊராரின் கதையைக் கேட்டவர், ஓய்வு பெற்ற பிறகு வட்டியும் முதலுமாகத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். அங்கே பின்னேரம் மூன்றரைக்குத் தேத்தண்ணியோடு வந்து கதிரையில் இருந்து போன் எடுத்தாரென்றால் எனக்கு இங்கே காலை பத்து மணி. கை இரண்டும் எண்ணெய். தலைமயிருக்குள்ளே மறைந்திருக்கிற காதுக் கருவியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வேன்.

"பிள்ளை, உவள் பக்கத்து வளவுக்காரி வேலிக் கதியாலை ஒரு விரற்கடை இஞ்சால தள்ளி நட்டிருக்கிறாள், தெரியுமோ?"

"ஓம் மாமி."

"நான் கேக்காமல் விட்டால் நாளைக்குக் கிணத்தடியும் தன்ரை எண்டுவாள்."

"ஓம் மாமி… ஓம்."

இருபது நிமிடம் இப்படியே போகும். என் பங்குக்கு வேறு சொல் தேவைப்படுவதில்லை. ஆச்சரிய ஓம், அனுதாப ஓம், 'இதை நேற்றும் சொன்னீங்கள்' என்கிற நீட்டு ஓம் என்று மாற்றி மாற்றிப் போடுவேன். மரத்தூள் பறக்கிறதாலும், பொறுமை தேவைப்படுகிறதாலும் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் கண்ணைத் திறந்தால் பட்டறை நிசப்தம். ஓர்லா ரேடியோவை நிறுத்திவிட்டு, கடைசல் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் பத்து மணிக்கு அவளாகவே ரேடியோவை நிறுத்தினாள். அடுத்த கிழமை எனக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, கண்ணை மூடி, மெல்லிய குரலில் "ஓம் மாமி… ஓம் மாமி…" என்று தொடங்கினாளே பார்க்கலாம்! என் காதுக்குள்ளே மாமி பலாப்பழம் களவு போன கதையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது தியானமில்லை, மாமியோடு போன் கதை என்று அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள், சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்துவிட்டது. அந்த இருபது நிமிடமும் ஓர்லா என்னிடம் ஒரு வேலையும் சொல்வதில்லை. சத்தம் வராமல் தேத்தண்ணி வேறு கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். எந்த மடைச்சி அதைக் கெடுத்துக்கொள்வாள்?

பிறகு ஒரு நாள் ஓர்லா கேட்டாள்: "அது உன்னுடையது. என் விளக்குக்கு அந்தப் பெயரை வைத்தால் உனக்குச் சம்மதமா?" எந்த அது, எந்தப் பெயர் என்று கேட்காமல் பழக்க தோஷத்தில் "ஓம்" என்றுவிட்டேன். அவள் கண் கலங்கிப் போய் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு மாதம் கழித்துப் பெட்டிகள் அச்சாகி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விளக்கின் பெயர் 'ஓம்'. பெட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணை மூடிய என் முகம், எப்போது படம் எடுத்தாளோ தெரியாது. கீழே ஆங்கிலத்தில்: 'ஒவ்வொரு விளக்கும், தினமும் காலை பத்து மணிக்கு ஒலிக்கும் ஓம் மாமி என்ற பழம்பெரும் மந்திரத்தின் நடுவே பூட்டப்படுகிறது.'

இது அவள் சொந்தப் பெயரில் கடைக்குக் கொண்டுபோகிற முதல் பொருள். கார்த்திகை மாதம் நகரத்தின் நடுக்கடை ஒன்றில் வெளியீடு. தமிழ் தெரிந்த ஒரேயொரு ஆள் அந்தப் பெட்டியைப் பார்த்தால் போதும், ஊரே சிரிக்கும். நான் சொன்னாலோ, அவள் என்னை இனி நம்பமாட்டாள். சொல்லாமல் விட்டாலோ, அவளுடைய விளக்கே பொய்யில் எரியும். இந்த யோசனையில் நான் கிடக்க, அவள் அடுத்த குண்டைப் போட்டாள்: "நீ விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா, நானும் வரட்டுமா? அந்த மந்திரம் பிறந்த இடத்தில் விளக்கை வைத்துப் படம் எடுக்க வேண்டும்."

"பாப்பம்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் நடக்காது என்று குழந்தைக்கும் தெரியும். ஓர்லா அன்று மாலையே விமான ரிக்கற் எடுத்துவிட்டாள்.

இணுவிலுக்கு வந்த இரண்டாம் நாள் மருதனார்மடம் சந்தைக்குப் போனோம். ஓர்லா விளக்கைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாழைக்குலைகளுக்கு நடுவில் ஒரு அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம்… ஓம் மாமி… இரவைக்குப் புட்டுத்தான். ஓம், அவிச்சு வைக்கிறன்." ஓர்லா சிலிர்த்துப்போனாள். விளக்கைக் கீழே வைத்தாள், கண்ணை மூடினாள், அந்த அக்காவுக்கு முன்னால் கைகூப்பி நின்றாள்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, உந்த வெள்ளைக்காரி என்னைக் கும்பிடுறா? ஏதும் நேத்தியோ?"

"ஓம் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

திரும்புகிற வழியில் ஓட்டோக்காரத் தம்பியிடம் "இணுவிலுக்கு வாறீரோ?" என்றேன். "ஓம்" என்றார். கடைப்பக்கம் ஒருவர் ஓம் என்றார். சைக்கிளில் போன இருவர் ஆளுக்கு ஆள் ஓம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஓர்லாவின் நெற்றி சுருங்கத் தொடங்கியது. "வசந்தி, இந்த ஊரில் எல்லாருமே துறவிகளா?" என்று கேட்டாள். "நல்ல பக்தியான சனம்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன்.

வீட்டிலோ மாமி மூக்குக்கண்ணாடியோடு தயாராக இருந்தார். ஓர்லா காலையில் பரிசாகக் கொடுத்த விளக்குப் பெட்டி அவருடைய மடியில். தபாற்கந்தோர் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்திருந்தார். மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதையே நான் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

"பிள்ளை, இதிலை ஓம் மாமி எண்டு கிடக்கு. இது ஆர் மாமி?"

"என்ன சொல்கிறார்?" என்று ஓர்லா கேட்டாள்.

"பெட்டியின் நிறம் நல்லாயிருக்காம்" என்று மொழிபெயர்த்தேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "ஐ டிட் நொட் சே தட்" என்றார், முத்திரை குத்தினாற்போல. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணிக்கு எண்டு போட்டிருக்கு. உங்கை பத்து எண்டால் இஞ்சை மூண்டரை. அது நான் எடுக்கிற நேரமெல்லே? அப்ப நீ கண்ணை மூடிக்கொண்டோ என்ரை கதையைக் கேக்கிறனி?" நான் வாயைத் திறக்கமுன் ஓர்லாவைப் பார்த்துத் தன் நெஞ்சில் விரல் வைத்துக்காட்டினார். "மாமி இஸ் மீ."

ஓர்லா என்னைப் பார்த்தாள். "வசந்தி, இவ்வளவு நாளும் என்னிடம் பொய் சொன்னாயா?"

எதற்கும் வருகிற ஓம் அப்போது வரவில்லை. "ஐ டிட்" என்றேன். அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மாமரத்தின் கீழே கிடந்த கதிரையில் இருந்தாள். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. குசினிக்குள் நின்று அழுதேன். இத்தனை வருடத்தில் அந்த நாட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து தரையில் இருந்த ஒரே ஆள் அவள். அவளைத்தான் நான் ஏமாற்றியிருந்தேன்.

"அழுதது காணும், நிப்பாட்டு" என்றார் மாமி. "முதல்லை அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்து உள்ளதைச் சொல்லு. உன்னோடை நான் பிறகு கதைக்கக் கிடக்கு."

ஓர்லா வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியின் மூன்றரை மணியிலிருந்து எனக்குக் கிடைத்த ஓசித் தேத்தண்ணிவரை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்படியென்றால் ஓம் என்பது வெறும் யெஸ்ஸா?"

"வெறும் யெஸ்."

"மாமி என்றால்?"

"புருஷனின் அம்மா."

"என் பெட்டிகள் எல்லாவற்றிலும் 'சரி மாமியாரே' என்று அச்சடித்து வைத்திருக்கிறேன்." சொல்லிவிட்டு விளக்கின் அடித்தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடிய நேரமெடுத்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கள் பழைய ஐரிஷ் மொழியில் யெஸ் என்பதற்குச் சொல்லே கிடையாது, தெரியுமா? நோவுக்கும் கிடையாது. கேட்ட கேள்வியின் வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வோம். ஆங்கிலம் பேசும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை."

எனக்கு மோரினும் பூச்சாடியும் ஞாபகம் வந்தன. இட் இஸ், ஐ டிட், ஹி டிட் நொட். கடைசியில் பிழை வாத்தியாரிடம் இல்லை.

"எங்களிடம் இல்லாத சொல்லை நீ கொண்டுவந்து தந்திருக்கிறாய், அதுவும் களவாக" என்றாள் ஓர்லா. "இனிமேல் நான் பிழை விட்டால் முகத்துக்கு நேரே நோ சொல்ல வேண்டும். அதற்கு உங்களிடம் சொல் இருக்கிறதா?"

"இருக்கு" என்றேன். "இல்லை."

அவளுக்கு அதை விளங்கப்படுத்தவே தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஓர்லா எனக்கு முன்பே திரும்பிப் போய், பெட்டிகளில் மந்திரம் என்றிருந்த இடத்தையெல்லாம் மறைத்துப் புது வசனம் ஒட்டினாள்: 'ஓம்: யாழ்ப்பாணத்தில் சம்மதம் சொல்கிற சொல். எங்களிடம் இல்லாததால் கேட்டு வாங்கியது.' கண்மூடிய என் படத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க மாமி விடவில்லை. "கிடக்கட்டும், ஊர் பாக்கட்டும்" என்றார். தன் படமும் பக்கத்தில் வரவேண்டும் என்றார், அதுவும் வந்தது, கண் நன்றாகத் திறந்தபடி.

வெளியீடு கோல்வேயில் மத்தியானம், இணுவிலில் பின்னேரம் ஐந்தரை. மாமியும் நானும் போனில் பார்த்தோம். கடை நிறையச் சனம். ஓர்லா என் களவையும் தன் மடத்தனத்தையும் ஒளிக்காமல் சொன்னாள், சனம் சிரித்தது. பிறகு விளக்கைப் போடுகிற ஆளியில் விரலை வைத்து "போடட்டுமா?" என்று கேட்டாள். அத்தனை பேரும் சேர்ந்து "ஓம் மாமி!" என்றார்கள். "ஓம் ஓம், போடு பிள்ளை" என்று இணுவிலில் இருந்து மாமி கத்தினார். பன்னிரண்டு வளையமும் ஒளிர்ந்தன.

ஒரு கிழமை கழித்து நானும் கோல்வே திரும்பினேன். மழை. மோரின் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய யன்னலில் ஓர்லாவின் நாலு வளைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் படலையைத் தள்ளினேன், சூட்கேஸின் சில்லு இறுகி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் மாமி.

"வீட்டை போயிட்டியோ பிள்ளை?"

வேலிக்கு மேலால் மோரின் எட்டிப் பார்த்தார். "வீட்டுக்கு வந்துவிட்டாயா?"

ஒரே வீட்டுக்கு ஒருத்தர் போனாயோ என்கிறார், ஒருத்தர் வந்தாயோ என்கிறார். பயணக் களைப்பில் என் வாய் தடுமாறியது. மோரினைப் பார்த்து "ஓம்" என்றேன். மாமிக்கு "ஐ ஆம்" என்றேன்.

மோரின் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"சரி, சரி" என்றார் மாமி. "கண்ணைத் திறந்துகொண்டு உள்ளை போ."