அண்ணனின் துவக்குக் கொப்பி

அண்ணன் கொம்பியூட்டர் கடையிலிருந்து திரும்பும்போது அவனுடைய சட்டையில் சூடேறிய பிளாஸ்டிக் மணமும் நாவற்குடா வெயிலில் சைக்கிள் மிதித்த வியர்வையும் கலந்து வீசும். கை கால் கழுவும் முன்னரே, "புள்ள, கொப்பிய எடு, மறக்க முதல் எழுது" என்பான். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், அவனும் நாலு கூட்டாளிகளும் பள்ளிக்கூடம் விட்டதும் டவுனுக்குப் போய்த் திரைக்குள்ளே ஆளையாள் சுட்டு விளையாடினார்கள். வெளியே உண்மையான வெடி கேட்டால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடுவாராம், இவர்கள் உள்ளே சுட்டுக்கொண்டே இருப்பார்களாம். என்ன பிறவிகளோ!

அந்த விளையாட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனால் அதன் நுணுக்கம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஓடிக்கொண்டு சுட்டால் குண்டு சிதறும், நின்று சுட்டால் சிதறல் குறையும், "குந்தியிருந்து" சுட்டால் நினைத்த இடத்தில் விழும். முதல் இரண்டு வெடியும் நேராகப் போகும், விடாமல் அழுத்தினால் துவக்கு மேலே ஏறும், அப்போது மவுசைக் கீழே இழுக்க வேண்டும். மற்றப் பாடங்களையெல்லாம் கோட்டை விடுகிறவன் இதில் மட்டும் பேராசிரியர். அவனுடைய எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால், கூட்டாளிகள் படிப்பதற்காக நான் எழுதிக் கொடுத்தேன்.

பதினான்கு வயதில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய திமிர் எனக்கு. மவுஸ், ஸ்கிரீன் என்ற சொற்களெல்லாம் என் அழகான தமிழைக் கெடுப்பதாகப் பட்டதால் ஒன்றையும் விடாமல் நீக்கினேன். மவுசைக் கீழே இழு என்று அவன் சொன்னதை, "கையைச் சற்றுத் தாழ்த்துக" என்று எழுதினேன். "குறி தவறாமல் சுடுவது எப்படி" என்று தலைப்புப் போட்டு, அடியில் சிவப்புக் கோடும் இழுத்தேன்.

ஒரு நாள் என்னை ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது, பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் அண்ணனின் பையைக் கொட்டினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கொப்பியைப் புரட்டினார்.

"இது ஆர் எழுதின?"

நான் வாயைத் திறக்கும் முன்னரே அண்ணன், "நான்தான் சேர். கொம்பியூட்டர் கேம் சேர்" என்றான்.

அவர் மறுபடியும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "கொம்பியூட்டர் எண்டு இதில எங்க இருக்கு?"

எங்குமே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே! "நீ நடந்து ஊட்ட போ புள்ள, நான் பொறகு வாறன்" என்றான் அண்ணன். நான் வீட்டுக்குப் போனேன். அது என் எழுத்து என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவனை அடைத்து வைத்திருந்த ஆமி முகாம் வாசலில் அம்மா ஒவ்வொரு நாளும் போய் நின்றார். கடைக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உதவியிருக்கும். அந்த மனிதரோ பயத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் அண்ணன் வந்தான். வலது கை விரல்கள் மூன்று மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்குவதில்லை.

இப்போது அந்தச் சாவடி இல்லை. கொம்பியூட்டர் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டுக் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அன்றைக்கு முகாமுக்குள்ளே என்னதான் நடந்தது என்று, கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணனிடம் போன மாதம்தான் துணிந்து கேட்டேன்.

"என்னைய எழுதிக் காட்டச் சொன்னாங்க. எழுத்து ஒத்து வரல்ல. அப்ப எழுதினது ஆரெண்டு கேட்டுத்தான் விரலில அடிச்சாங்க."

"என்ர பேரச் சொல்லியிருக்கலாமே அண்ணா."

"விசர்க் கத கதையாத" என்று என் பேச்சைத் தட்டிவிட்டு, இடக் கையால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தான்.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. சாகும்வரைக்கும், அவன் கையைப் பார்க்கும்போதெல்லாம், "கண்டதையும் எழுதி வினைய விலைக்கு வாங்கினியே மனே" என்று அவனைத்தான் ஏசுவார். அவன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். நானும் பக்கத்தில்தான் இருப்பேன்.