என் பெயரில் வந்த ரிசல்ட்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேன் வந்தது. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். எனக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். எனக்கோ உள்ளூர உதறல். போய், ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?

பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்பவள் கான்ட்ராக்ட் ஆள். "எங்களுக்கெல்லாம் டோக்கன் கெடையாதாமே" என்றாள். "இந்தா, என் பேரைச் சொல்லிட்டு நீ போ. அரை மணி நேரம் ஏசியில இருந்துட்டு வா" என்று அவள் கையில் திணித்தேன். ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு வேறு!

பத்து நாள் கழித்து என்னை மெடிக்கல் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். "இடது பக்கம் சின்னதா ஒரு கட்டி தெரியுது. உடனே பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார் நர்ஸ். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, வேனில் ஏறியது நான் இல்லையே! 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். மறு நொடியே பகீரென்றது. அப்படியானால் கட்டி அவளுக்கு.

அவளோ கான்ட்ராக்ட் முடிந்து போன வாரமே கிளம்பிவிட்டாள். போன் ஸ்விட்ச் ஆஃப். சுங்குவார்சத்திரம் பக்கம் ஏதோ கம்பெனியில் சேரப்போவதாகச் சொன்னது மட்டும் ஞாபகம். நர்ஸிடம் உண்மையைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, ரிசல்ட்டோடு புறப்பட்டேன். ஷிப்ட் விடும் நேரம் பார்த்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்று, கம்பெனி பஸ் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்றே டீக்கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள், ஜன்னலோரத்தில் அவள்! "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பஸ்ஸைத் தட்டிக்கொண்டே ஓடினேன். இறங்கி வந்தவள், "இன்னாக்கா, இப்டி ஓடியார?" என்று சிரித்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "போக்கா, எனுக்கு ஒரு வலியும் இல்ல. நல்லாத்தான் கீறேன்." "வலிக்கிற வரைக்கும் விட்டு வைக்கக் கூடாதுடி" என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆரம்பக் கட்டம்தான். ஆபரேஷன், சிகிச்சை எல்லாம் முடிந்து, "இனிமே செக்கப்புக்கு மட்டும் வந்தா போதும்" என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டோம்!

இந்த வருடம், எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, கான்ட்ராக்ட் பெண்களுக்கும் டோக்கன் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினோம். வேனில் முதல் ஆளாக ஏறியது நான்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தக்காதான் என் உசுர காப்பாத்துச்சு" என்கிறாள் அவள். எனக்கில்லை, அவளுக்குத்தான் என்று தெரிந்ததும் நான் விட்ட அந்த நிம்மதிப் பெருமூச்சை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.