கடல் தெரியாத கடல் படங்கள்

மூத்த பேரன் இன்ஜினியர். அவன் தங்கை நர்சிங்கில் முதல் மார்க். கடைக்குட்டி மலருக்குக் கன்னியாகுமரிப் பக்கம் பேங்க் வேலை. அங்கே அவள் வீட்டு மாடியில் ஏறினால் கடல்தான்.

இன்று ஒத்தக்கடை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"கடலா? எங்க, போட்டோவக் காட்டுங்க பாப்போம்" என்றார்.

போனை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றிலும் மலரின் முகம் மட்டும்.

"இம்புட்டு போட்டோவுல சொட்டுத் தண்ணியக் காணோமேக்கா! இது நம்ம மேலூர் ரோடு மாதிரில்ல இருக்கு?"

பஸ்ஸே சிரித்தது.

மலர் முதலில் கடலைத்தான் அனுப்பினாள். "தண்ணிய யாருடி கேட்டா? இளைச்சுட்டியான்னு பாக்கணும், மூஞ்சியக் காட்டு" என்று சொன்னது நான்தான்.

மலரு, கடலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று புதுப் படம் ஒன்று எடுத்து இன்றைக்கே நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடு. நாளைக்கும் எனக்கு அதே பஸ்தான், அந்த அம்மாவும் வருவார்.