பதினொரு ஓம்

செப்ரெம்பரில் உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். பனிச்சறுக்கு மேட்டில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, ஆட்களை மேலே ஏற்றும் இழுவை சீலை போர்த்திக் கிடக்கிறது, இவள் அங்கே போய் என்னத்தைக் கிழிக்கிறாள் என்பது என் சொந்தக்காரர்களின் எண்ணம். என் நித்திரை போவதே அந்த மாதங்களில்தான். டிசெம்பரில் பனி தானாக வரும். வராவிட்டால் இயந்திரம் ஊதித் தள்ளும். பயிற்றுநர்களை ஊதித் தள்ள இன்னும் ஒருவரும் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை.

நகரத்துக்குள்ளேயே இருக்கிற சின்ன மேடு அது. சனிக்கிழமைக் காலைச் சிறுவர் வகுப்புக்கு நான்தான் மேற்பார்வையாளர். இரண்டு வருடம் சண்டை பிடித்து வாங்கிய வகுப்பு. எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற வோபர்ன், அஜின்கோர்ட் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். பனியை ஜன்னலால் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகள். நானும் இதே நகரத்தில், பார்க்டேலில், அப்படித்தான் வளர்ந்தேன், எட்டாவது மாடியில், கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு. முதன்முதலில் சறுக்குப் பலகையில் ஏறும்போது எனக்கு இருபத்தாறு வயது.

விதி ஒன்றுதான். ஒரு பயிற்றுநருக்கு ஆறு பிள்ளைகள். ஏழாவது பிள்ளையைச் சேர்க்க முடியாது, காப்புறுதி விடாது. மேற்பார்வையாளரும் குழு எடுக்கக்கூடாது, கீழே நின்று எல்லாரையும் பார்க்க வேண்டும். ஆகவே கணக்கு எப்போதும் ஆறின் மடங்கில்தான் ஓடும்.

ஆகஸ்ட் கடைசியில் என் மேலாளர் கேட்டார், எட்டுப் பேரைத் திரட்ட முடியுமா என்று. முடியும் என்றால் நாற்பத்தெட்டு இடத்துக்குப் பதிவைத் திறந்துவிடலாம். நல்ல மனிதர், நேராகத்தான் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "எட்டுப் பேர் இருக்கிறார்கள், பிரச்சினையே இல்லை" என்றேன். ஏனென்றால் என் கைத்தொலைபேசியில் பதினொரு பெயர் இருந்தது.

அந்தப் பதினொன்றும் கோடை முழுக்க நான் அலைந்து பிடித்தவை. எல்லாருமே முந்தைய வருடங்களில் எங்கள் மேட்டில் சறுக்கிப் பழகியவர்கள், ஓரளவுக்கு நேராக இறங்கத் தெரிந்தவர்கள். ஒருவரை அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில் மடக்கினேன், வாயில் ரோல்ஸ் பலகாரம் இருக்கும்போதே. இன்னொருவரை வோபர்னில் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது. "ஒக்ரோபரிலை மூண்டு சனிக்கிழமை பயிற்சி, பிறகு பனிக்காலம் முழுக்க சனி காலமை. வாறியள்தானே?" என்பேன். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில். "ஓம் அக்கா, கட்டாயம்." ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்கள் கேட்டு நான் வராமல் விடுவனோ" என்றாள். நானும் ஒவ்வொரு ஓமையும் பெயருக்குப் பக்கத்தில் சரி போட்டு வைத்துக்கொண்டேன்.

பதிவு திறந்த காலையே நாற்பத்தெட்டு இடமும் நிரம்பிவிட்டது.

முதல் பயிற்சி ஒரு பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தில். பனி இல்லாமல் பனிச்சறுக்குப் படிப்பிப்பதற்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. காட்போட் மட்டையை நீளமாக வெட்டிச் சப்பாத்துக்குக் கீழே ஒட்டிவிடுவேன். ஒருவர் பயிற்றுநர், மற்றவர்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள். அழவேண்டும், ஓடவேண்டும், மூத்திரம் வருகிறது என்று சொல்லவேண்டும். பலகையில் நிற்பதை எவருக்கும் ஒரு நாளில் காட்டலாம். அழுகிற பிள்ளையை எழுப்புவதற்குத்தான் மூன்று கிழமை வேண்டும்.

பதினொரு சோடி மட்டையை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரைக்கு மூன்று பேர் இருந்தார்கள். பாடசாலை பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண். மூன்றாவது என் மகள், பதினேழு வயது. அவள் என் காரில் வந்தவள், வேறு எங்கே போவாள்?

மற்ற எட்டுப் பேருக்கும் போன் அடித்தேன். ஒருவருக்கு மாமி வீட்டில் விசேஷம். ஒருவருக்குக் கார் ஸ்ராட் வரவில்லை. ஒருவர் "வந்துகொண்டிருக்கிறன் தங்கச்சி" என்றார், பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது. ஐந்து பேர் எடுக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சமிருந்த எட்டுச் சோடி மட்டையையும் காலால் உதைத்தேன். அது கூடம் முழுக்கப் பறந்தது.

"பொய்க்காரக் கூட்டம்! முகத்துக்கு முன்னாலை ஓம், முதுகுக்குப் பின்னாலை ஒளிப்பு! வரேலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

அண்ணை சப்பாத்தைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பல்கலைக்கழகப் பெண் மட்டும் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்களிட்டை ஆரும் நோ சொல்லேலாது. நீங்கள் கேக்கிறேல்லை, ஓடர் போடுறியள். வாறியள்தானே எண்டால் என்ன சொல்லுறது? ஆக்சுவலி, எனக்கும் பயத்திலைதான் ஓம் வந்தது. பிறகு யோசிச்சுப் பாத்தன், விருப்பமாய்த்தான் இருந்தது, வந்தனான்."

சுருக்கென்று பட்டது. எங்கள் ஆட்களிடையே முகத்துக்கு நேரே இல்லை என்பது அடிக்கிற மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள். ஓம் என்றுவிட்டு வராமல் இருப்பது மரியாதை, இல்லை என்றுவிட்டு வராமல் இருப்பது பகை. இதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். நானே எத்தனை வளைகாப்புக்கு ஓம் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன்! அப்படியிருந்தும் பதினொரு ஓமையும் பதினொரு ஆள் என்று எண்ணி, அதன் மேலே நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றி வைத்துவிட்டேன். மேலாளரிடம் நான் சொன்னதும் அதே ஓம்தான். அவர் முகத்துக்கு நேரே "தெரியாது, பார்க்க வேண்டும்" என்று சொல்ல என் வாய்க்கும் வரவில்லையே.

மூன்று பேர் என்றால் பதினெட்டுப் பிள்ளைகள். மிச்சம் முப்பது வீட்டுக்கு என்ன சொல்லப்போகிறேன்? புதிதாக ஊரெல்லாம் ஆள் தேடவும் நேரமில்லை. பிள்ளைகளோடு வேலை செய்யப் புதிதாக வருகிறவர், குற்றப்பதிவு இல்லை என்று பொலிஸ் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்கே கிழமைக்கணக்கில் போகும். மூன்றாம் சனிக்கு அடுத்த திங்கள் நான் பெயர்ப்பட்டியல் கொடுத்தாக வேண்டும். மேலாளரிடம் இப்போதே போய் உண்மையைச் சொல் என்று மனம் சொன்னது. போகவில்லை. பயம்.

அடுத்த நாள் முதல் மறுபடி எட்டுப் பேரையும் அழைத்தேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். "இல்லையெண்டு சொல்லலாம். சொன்னால் கோவிக்கமாட்டன், சத்தியமாய். உங்களாலை ஏலாட்டில் இப்பவே சொல்லுங்கோ." ஒருவரும் நம்பவில்லை. "சீச்சீ, அப்பிடியொண்டும் இல்லை, பாப்பம்" என்றார்கள். பாப்பம் வேண்டாம் என்றேன். ஓம் அல்லது இல்லை. கடைசியில் ஒருவர், "அப்ப... இல்லைத் தங்கச்சி" என்றார். எனக்குக் காது சுட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு நன்றியை நான் சொன்னதில்லை.

நான்கு பேர் இல்லை என்றார்கள். நான்கு பேர் ஓம் என்றார்கள், இந்த ஓம் வேறு மாதிரிக் கேட்டது. என்ன சப்பாத்து, எத்தனை மணி, முழங்கால் நோவு பரவாயில்லையா என்று கேள்வி கேட்டுக்கொண்டு வந்த ஓம். இல்லை என்றவர்களில் ஒருவர் தொலைபேசியை வைக்கப்போகிற நேரத்தில் சொன்னார்: "எனக்கு ஏலாது. ஆனால் என்ர மனிசி என்னைவிட வடிவாச் செய்வா. பொலிஸ் சான்றிதழும் அவவிட்டை இருக்கு, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலைதான் வேலை. அவவை ஒருத்தரும் கேக்கேல்லை." நான் மூன்று வருடமாக அந்த மனிசிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், இதைக் கேட்கவில்லை.

இரண்டாம் சனி, அந்த மனிசியோடு சேர்த்து எட்டுப் பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன், திரும்ப எண்ணிப் பார்த்தேன். பஸ் ஓட்டுகிற அண்ணைதான் அன்றைக்கு அழுகிற பிள்ளை. ஐம்பது வயது ஆள் நிலத்தில் மல்லாக்கப் படுத்து, "எனக்கு அம்மா வேணும்" என்று கையைக் காலை அடித்தார். என் மகள் பயிற்றுநர். இரண்டு தரம் மெல்லச் சொன்னாள். மூன்றாவது தரம் கத்தினாள்.

"எழும்பு! எத்தினை தரம் சொல்லுறது உனக்கு!"

கூடமே சிரித்தது. அச்சொட்டாக என் குரல். அண்ணை படுத்தபடியே, "தாய்க்குப் பிள்ளை தப்பாது" என்றார். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். மகள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

மூன்றாம் சனியும் எட்டுப் பேர். பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின், காரில் ஏறி இருக்கைப் பட்டி போட்டேன். நாளன்றைக்கு, திங்கள், பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமைக்குப் பிறகு முதன்முதலாக மூச்சு நேராக வந்தது. அப்போதுதான் மகள் கேட்டாள்.

"அம்மா, நானும் இல்லையெண்டு சொல்லலாமோ?"

"என்னத்துக்கு?"

"படிப்பிக்கிறதுக்கு."

வெடித்தேன். "விசரே உனக்கு? இப்பவோ சொல்லுறது? நாலு வயசிலையிருந்து சறுக்குறாய், இஞ்சை வந்த எல்லாரிலும் நீதான் திறம். உன்னை நம்பி ஆறு பிள்ளையள் நிக்குதுகள்!"

"நீங்கள்தானே எல்லாருக்கும் சொன்னனீங்கள், கோவிக்கமாட்டன் எண்டு."

ஸ்ரியரிங்கைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அவள் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குச் சறுக்கப் பிடிக்கும். சின்னப் பிள்ளையளோடை ஏலாது. அதுகள் அழுதால் எனக்குக் கோவம் வருது அம்மா. அண்டைக்கு அந்த அங்கிளுக்குக் கத்தினன்தானே, எல்லாரும் சிரிச்சியள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் சின்னனிலை மேட்டிலை விழுந்தால் நீங்கள் அப்பிடித்தான் கத்துவியள். எனக்கு அது தெரியும், எப்பிடி இருக்கும் எண்டு. நான் ஒரு பிள்ளைக்கும் அப்பிடிக் கத்தமாட்டன்."

"அப்ப ஏன் முதலே சொல்லேல்லை?"

"உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

பதினொரு ஓமில் முதல் ஓம் அவளுடையது. மற்றவர்களையாவது கேட்டேன். அவளைக் கேட்டதாகவே எனக்கு ஞாபகமில்லை. இரண்டு வார்த்தையில் அவளை மடக்கியிருப்பேன், எனக்குத் தெரியும். இன்னும் ஒரு தரம் சத்தம் போட்டிருந்தால் ஓம் என்றிருப்பாள், டிசெம்பரில் அந்த ஆறு பிள்ளைகளுக்கு முன்னால் வந்தும் நின்றிருப்பாள். சத்தம் போடவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன், நல்ல குரலில்கூடச் சொல்லவில்லை. காரைக் கிளப்பினேன்.

திங்கட்கிழமை மேலாளரின் அறையில் பட்டியலை வைத்து, ஏழு என்றேன். எட்டு இருக்கிறது என்று ஆகஸ்டில் நான் சொன்னது தெரியாமல் சொன்னது என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசியாகப் பதிந்த ஆறு பிள்ளைகளை நீக்க வேண்டிவரும், அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போடலாம் என்றார். வேண்டாம், நானே அழைக்கிறேன் என்றேன்.

பின்னேரம் சமையலறை மேசையில் பட்டியலோடு இருந்தேன். எதிரே மகள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. முதல் வீடு வோபர்னில். ஒரு தாய் எடுத்தார். யார் என்று சொல்லி, பயிற்றுநர் போதாது, உங்கள் மகனுக்கு இந்த வருடம் இடம் தர முடியாமல் போய்விட்டது என்று சொன்னேன்.

"ஓம்... ஓம், பரவாயில்லைத் தங்கச்சி. நீங்கள் என்ன செய்யிறது. ஓம்."

அந்த ஓம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதோடு வைத்திருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"அக்கா, பரவாயில்லை எண்டு சொல்லாதேங்கோ. மனதிலை இருக்கிறதைச் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பிள்ளை, "அம்மா, ஸ்கீயோ? ஸ்கீ அன்ரியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தாயின் குரல் மாறியது.

"கேக்குதோ உங்களுக்கு? ஒவ்வொரு நாளும் கலண்டரிலை திகதியை வெட்டிக்கொண்டு இருக்கிறான். ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு படுக்கிறான். தரேலாட்டில் தரேலாது எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே! ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"பிழை என்ரைதான் அக்கா" என்றேன். "தெரியாமல் ஓம் எண்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிள்ளைக்கு அவர் இனி என்ன சொல்லப்போகிறார் என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டுப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வீட்டு இலக்கத்தை எனக்கு மெல்ல வாசித்தாள்.