மாரியம்மாவும் நீலத் தோம்பும்

பட்டறைக்கு வந்ததும் மாரியம்மா செய்யும் முதல் வேலை எங்கள் கைகளைப் பார்ப்பதுதான். விரல்களை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு நகத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தன் ஏப்ரனைக் கட்டுவாள்.

“என்னக்கா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?” என்று விமலா தினமும் கிண்டல் செய்வாள்.

“ஒன்னயெல்லாம் எவன்லா பாக்க வருவான்? கைய நீட்டு.”

அவள் ஏன் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். சுங்காய்ப் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனேன். அவளைப் பதினேழு வயதில் களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். முதுகில் கேன், முகத்தில் ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான். கையுறை என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் அவளுடைய நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. திரும்ப முளைத்தவை இன்றும் சிப்பி மாதிரி கோணிக்கொண்டுதான் நிற்கின்றன.

தோட்டத்தில் நாங்கள் நல்ல சாமானைத் தூக்கி எறிய மாட்டோம். மருந்து தீர்ந்த கேனைக் கழுவி மழைத் தண்ணீர் பிடிப்போம், ஆட்டுக்குத் தண்ணீர் வைப்போம். எல்லா வீட்டு வாசலிலும் அது இருந்தது. மாரியம்மாவும் ஒரு நாள் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கழுவுவதற்கு முன்னால் பிள்ளை அழுததென்று உள்ளே போனாள். அவள் புருஷன் உடையப்பன் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவன், தண்ணீர் என்று நினைத்துத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தான். உடனே துப்பினான். சாயங்காலம் வாயெல்லாம் உரிந்தது. மூச்சு மட்டும் ஒன்பது நாள் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் யாருடைய வீட்டிலும் எதில் பிடித்தது என்று கேட்காமல் தண்ணீர் குடித்ததில்லை.

தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்ற பிறகு இரண்டு பேரும் சிம்பாங் பூலாய் அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கேதான் ஜோவான் எங்களைப் பிடித்தாள். ஈப்போவில் வளர்ந்த பெண், தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். தம்புன் கடைகளில் குப்பைக்குப் போகும் பொமேலோப் பழத் தோல், அன்னாசித் தோல் எல்லாவற்றையும் வாங்கிவந்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து மூன்று மாதம் பீப்பாய் மாதிரியான பிளாஸ்டிக் தோம்பில் ஊறவைத்துப் பிழிந்தால் பாத்திரம் கழுவும் தண்ணீர் கிடைக்கும். மண்ணுக்கும் கேடில்லை, ஆற்றுக்கும் கேடில்லை என்பாள். தோட்டத்திலிருந்து வந்த ஆறு பொம்பளைகளுக்கு அந்தப் பட்டறையில் வேலை. புதிதாக எதையும் வாங்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். போத்தலும் பழசு, பெட்டியும் பழசு. எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் பழக்கத்துக்கு ஒருத்தி படித்துவிட்டு வந்து பெயர் வைத்த மாதிரி இருந்தது.

அந்த நீலத் தோம்பைக் கொண்டுவந்தது நான்.

பழைய தோட்டத்துக் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போனபோது, இடித்துப் போட்டிருந்த மருந்து ஸ்டோருக்குள் அது கிடந்தது. விரிசல் இல்லை, மூடி கச்சிதம். ஒட்டியிருந்த காகிதம் மழையில் உரிந்துபோயிருந்தது. இருந்திருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. அடியில் ஏதோ பச்சையாகக் காய்ந்திருந்தது. சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். மேல் விளிம்பின் மடிப்புக்குள் மட்டும் கை எட்டவில்லை.

மாரியம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “அக்கா, இது எங்கருந்து?”

“ரப்பர்ப் பால் ஸ்டோர்லருந்து,” என்றேன்.

உண்மையைச் சொன்னால் உருட்டிக்கொண்டுபோய் வெளியே தள்ளிவிடுவாள். அருமையான தோம்பு. அதனால் அப்படிச் சொன்னேன்.

மூன்று மாதம் ஆயிற்று. தோலைப் பிழிந்தது விமலா. பழத்தோல் தானே என்று வெறுங்கையால் பிழிந்தாள். நாற்பது போத்தல் அடைத்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சந்தையில் விற்றோம். மிச்சமெல்லாம் ஈப்போவில் ஒரு ஹோட்டலுக்கு. அந்த ஹோட்டல் எங்கள் சரக்கைத் தொடர்ந்து வாங்கினால் ஆறு பேருக்கும் மாதச் சம்பளம். இல்லையென்றால் வருடக் கடைசியில் பட்டறையை மூடவேண்டியதுதான் என்று ஜோவான் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்.

லோரி வருவதற்கு முந்தின நாள் காலை, மாரியம்மா விமலாவின் வலது கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

“நகப்பூச்சு போட்டேன்லா, அதுவா இருக்கும்,” என்றாள் விமலா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

“எந்தத் தோம்புல பிழிஞ்ச?”

விமலா நீலத் தோம்பைக் காட்டினாள்.

“ஜோவான், இது வெளிய போகக் கூடாதும்மா.”

“மாரியக்கா, ஆய்வுக்கு அனுப்பினா மூணு வாரம் ஆகும். நாளைக்கு லோரி வருது.” ஜோவான் என் பக்கம் திரும்பினாள். “பாட்டி, நீங்கதானே கொண்டு வந்தீங்க? பால் ஸ்டோருதானே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு பேர் சம்பளம் என் வாயில் இருந்தது. “ஆமா,” என்றேன்.

மாரியம்மா தன் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கு முழுக்க அவள் அந்தத் தோம்பின் பக்கம் முதுகைக் காட்டவில்லை. என்ன வேலை செய்தாலும் அதைப் பார்த்தபடியே செய்தாள்.

மறுநாள் லோரி வந்தது. இருபது பெட்டி ஏறியிருக்கும். மாரியம்மா ஒரு போத்தலைத் திறந்து, தன்னுடைய தேநீர்க் கோப்பையை அதிலேயே தேய்த்து, ஒரு தடவை அலசி, தேநீர் ஊற்றினாள்.

“அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் புருஷன் போனதுலருந்து எதப் பாத்தாலும் பயம்,” என்று சிரித்தாள். கோப்பை வாய்க்குப் போனது.

என் கை எப்படி எழுந்தது என்று எனக்குத் தெரியாது. கோப்பை சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

“குடிக்காத புள்ள. பால் ஸ்டோரு இல்ல. மருந்து ஸ்டோரு.”

விமலா குழாயடிக்கு ஓடிக் கையைத் தேய்க்கத் தொடங்கினாள். லோரிக்காரன் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஜோவான் பெட்டிகளை இறக்கச் சொன்னாள். ஹோட்டலுக்குப் போன் செய்தாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் மாரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

“ஒங்கள திட்டுறத அப்புறம் வச்சுக்கிறேன்க்கா,” என்றாள். “ஜோவான், அந்த நாப்பது போத்தல் யாரு யாரு கையில இருக்கு?”

சந்தையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஜோவானின் தேவாலயத்து ஆட்கள். பெயர் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அவளுடைய காரில் போனோம். ஒவ்வொரு வாசலிலும் மாரியம்மாதான் இறங்கினாள். போத்தலை வாங்குவதற்கு முன்னால், “கைய காட்டுங்க,” என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா கோபப்பட்டுக் கதவைச் சாத்தினாள். மறுபடி தட்டித் திறக்கவைத்துப் போத்தலோடுதான் மாரியம்மா திரும்பினாள். மத்தியானத்துக்குள் முப்பத்தாறு சேர்ந்துவிட்டது.

எல்ஸி என்பவள் இரண்டு வாங்கியிருந்தாள். சமையலறையிலிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். பாதி தீர்ந்திருந்தது. கை சுத்தமாக இருந்தது.

“இன்னொன்னு?” என்றாள் மாரியம்மா.

“அது மகளுக்குக் குடுத்துட்டேன். சித்தியவான்ல இருக்கா. புதுசா புள்ள பெத்திருக்கால்ல, பால் போத்தல் கழுவ ரசாயனம் இல்லாததா இருக்கட்டுமேன்னு…” எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். “ஏன்? என்ன ஆச்சு?”

“மொதல்ல மகளுக்குப் போன் போடுங்க.”

எல்ஸி போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. “தூங்குறா போல. புள்ள ராத்திரியெல்லாம் ஒரே அழுகைன்னா. பால் குடிக்க மாட்டேங்குதாம், வாயெல்லாம் புண்ணு.”

“மறுபடி போடுங்க,” என்றாள் மாரியம்மா.

எல்ஸி மறுபடி போட்டாள். மாரியம்மா அதற்குள் படியிறங்கி, சித்தியவான் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தாள்.