இடப்பக்கக் காயம்

ஞானப்பிரகாசம் அண்ணன் ஓமானில், சலாலாவில் இறந்துவிட்டார் என்று நம் அன்பியச் செபக்குழு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது துபாய் தேராவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அஞ்சலிக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்ததை எழுதுகிறேன்.

சலாலாவுக்கு மாறிப் போகும்வரை ஷார்ஜாவில் மரவேலைப் பட்டறை போர்மேன் அவர். அங்கே முவைலாப் பகுதியில் யார் வீட்டில் செபம் நடந்தாலும் முடிந்ததும் செல்போனில் பழைய படங்களைக் காட்டுவார். அச்சு புதிதாக வந்த காலத்தில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, ஐரோப்பாவில் ஏழைகள் வாங்கிச் சுவரில் ஒட்டிய படங்கள். முள்முடியோடு ஐந்து காயம் காட்டும் ஆண்டவர். "முத்தம் குடுத்துக் குடுத்தே காயத்துல மை போயிருக்கு, பாத்தியளா" என்பார்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் என்றபோது அப்படி ஒரு தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐந்நூறு வருடப் பழசு, ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் தந்தது என்றார். வெளியே காத்திருந்த நேரமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் செபித்தேன். ஸ்டெல்லா பிழைத்தாள்.

நம் ஆண்டு மலரில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். விலாக் காயம் வலப்பக்கம் இருப்பதே வழக்கம், இதில் இடப்பக்கம். ஒரு படத்தைப் பார்த்து அப்படியே செதுக்கினால் அச்சில் இடம் வலம் மாறிவிடும், அதுவே பழமைக்குச் சான்று என்று மேதாவி போல விளக்கினேன். அண்ணன் படித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார்.

போன வருடம் பிரேம் வாங்க அவர் பட்டறைக்குப் போனேன். அலமாரியில் மை காய்ந்த மரக்கட்டை, அதே முகத்தோடு. செல்போன் படத்தைப் பார்த்து அவரே செதுக்கி, தேயிலைத் தண்ணீரில் தாளைப் பழசாக்கியிருக்கிறார். திருப்பிச் செதுக்க வேண்டும் என்று தோன்றவில்லையாம். அவருடைய பிழையைத்தான் நான் சான்றாக்கியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்டேன். "பழசுன்னு சொன்னாத்தான தம்பி நீங்க நம்புவிய" என்றார். துரோகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பேசவில்லை. ஸ்டெல்லாவின் மனம் உடையுமே என்று அவளிடம் மறைத்தேன்.

இதை உங்களுக்கு அனுப்பும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணன் எங்கிட்ட, தன் கையால செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நீங்க பயந்துபோய்க் கிடந்தீங்க. பழசுன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

அவளைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டார். ஸ்டெல்லா தினமும் அந்தப் படத்தின் முன் முழங்காலிடுகிறாள். அது அவர் கைவேலை என்று தெரிந்ததிலிருந்து என்னால் முடியவில்லை. பழசென்றால்தான் நம்புவேன் என்று என்னை அவர் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த எடைதான்.